நீர்த்துறைத் தொழிலின் அடிப்படைகளைக் கற்பது எப்படி: கொழும்பில் தொழில் தேடும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீர் வழங்கல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகிய துறைகளில் தொழில் தேடும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தப் பாடநெறியில் சேர்ந்தால் விரைவில் சான்றிதழ் கிடைக்கும் என்பதைத்தான். குடும்பச் சுமையோடு கொழும்புக்கு வந்தவர்கள் அப்படிக் கேட்பதில் பிழை எதுவுமில்லை. ஆயினும், சான்றிதழ் பெற்றுப் பம்பி இயக்குநராகச் சேர்ந்த ஒருவர் தாம் திறக்கும் வால்வுக்கு அப்பால் நீர் எங்கே போகிறது என்று அறியாதிருப்பதையும், குழாய் பொருத்துபவர் ஒருவர் தாம் வெட்டிய குழாய்க்குள் புகுந்த சேற்று நீர் எந்த வீட்டுக் குவளையில் போய் விழும் என்று எண்ணாமலே குழாய் இணைப்பை இறுக்கிவிட்டுப் போவதையும் பலமுறை கண்டிருக்கிறேன். இந்தத் துறையில் ஒருவர் செய்யும் வேலையின் விளைவு வேறொருவரின் இடத்தில்தான் வெளிப்படும். ஆகவே மூலத்திலிருந்து குழாய் முனை வரையும், அங்கிருந்து கழிவாகி ஆற்றையோ கடலையோ சேரும் வரையும் நீர் செல்லும் முழுப் பாதையையும் முதலில் கற்க வேண்டும். தாம் செய்யப்போகும் தனித் தொழிலை அதன் பின்னர் கற்கலாம். இந்த வரிசை பிசகினால் எத்தனை சான்றிதழ் இருந்தும் வேலை கைவராது.

ஊரின் நீரை அறிதல்

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது: நீர் வழங்கலின் ஏறக்குறைய எல்லா முறைகளையும் ஒரே மாவட்டத்தின் சுற்றுவட்டத்தில் கண்டறியலாம். 1886இல் நிறைவான லபுகம நீர்த்தேக்கமும், அதற்கு அடுத்து 1950களில் அமைந்த களட்டுவாவ நீர்த்தேக்கமும் காடு சூழ்ந்த நீரேந்து பரப்புகளிலிருந்து நீரைப் பெறுகின்றன. உயரமான இடத்தில் இருப்பதால் அந்த நீர் புவியீர்ப்பினாலேயே நகரை நோக்கி இறங்கிவர முடிகிறது. இதற்கு நேர்மாறாக, அம்பத்தலைச் சுத்திகரிப்பு நிலையம் களனி கங்கையின் கீழ்ப்பகுதியிலிருந்து நீரை எடுத்து, சுத்திகரித்து, பம்பிகளால் மேலேற்றி அனுப்புகிறது. ஆற்றின் மறுகரையில் பியகம நிலையமும் அதே கங்கையை நம்பியே இயங்குகிறது. நகருக்குள் மாளிகாகந்தையில் இருக்கும் பழைய சேவைத் தாங்கி, வந்து சேரும் நீரைச் சேர்த்து வைத்துத் தெருக்களுக்குப் பகிர்கிறது.

இந்த இடங்களின் பெயர்களை மனனம் செய்வதால் பயனில்லை. ஒவ்வோர் இடத்திலும் நீரின் தன்மை ஏன் வேறுபடுகிறது என்று கேட்கப் பழக வேண்டும். காட்டு நீர்த்தேக்கத்தின் நீர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஆனால் தேங்கி நிற்கும் நீரின் அடித்தட்டில் ஒட்சிசன் குறைந்து இரும்பும் மங்கனீசும் கரைந்து வரக்கூடும். ஆற்று நீர் ஒரே இரவில் மாறிவிடும். மலையகத்தில் பெய்யும் கடும் மழை களனியில் இறங்கும்போது கலங்கற்றன்மை, அதாவது நீர் கலங்கியிருக்கும் அளவு, பன்மடங்கு உயரும். வறட்சியில் ஆற்றின் ஓட்டம் தளர்ந்தால் கடல் உவர்நீர் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி ஏறி, அம்பத்தலையின் நீரெடுக்கும் இடத்தையே எட்டிவிடும். ஆற்றில் மணல் அள்ளியதால் படுக்கை தாழ்ந்தது இந்த உவர்நீர் ஏற்றத்தை மேலும் மோசமாக்கியது. அதனால்தான் அங்கே உவர்நீர்த் தடுப்பு தேவைப்பட்டது. இவ்வாறு மழை, ஓட்டம், கடல், மணல் என்பன ஒரு நிலையத்தின் அன்றாட வேலையை எப்படி மாற்றுகின்றன என்று விளங்கிக்கொண்ட பயிலுநர், பின்னர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் தடுமாறமாட்டார். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற்பாறை நிலத்தடி நீரில் கடினத்தன்மையும் நைத்திரேற்றும் ஏன் பேசப்படுகின்றன, அதே மாவட்டத்தின் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஏன் கட்டப்பட்டது, தோட்டப்புற லயங்களுக்கு மலையூற்று நீரைக் கொண்டுவரும் திட்டங்களில் ஏன் மழைக்குப் பின் வயிற்றோட்டம் பரவுகிறது என்ற கேள்விகளுக்கும் இதே சிந்தனைதான் வழிகாட்டும்.

கணக்கில்லாமல் இந்தத் தொழில் இல்லை

க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தைக் கண்டு ஒதுங்கியவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. இங்கே தேவைப்படுவது பெருக்கல், வகுத்தல், வட்டத்தின் பரப்பளவு, அலகு மாற்றம் ஆகியவை மட்டுமே. ஆனால் அவை நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

ஒரு கன மீற்றர் என்பது 1,000 லீற்றர். நீர்க்கட்டணப் பட்டியலில் வரும் ஓர் அலகும் அதுவே. மூடாத குழாயிலோ கசியும் கழிவறைத் தொட்டியிலோ நிமிடத்துக்கு ஒரு லீற்றர் வீணானால் ஒரு நாளில் 1,440 லீற்றர் போகும். 30 நாளில் 43 அலகுக்கு மேல் போகும். இந்த ஒரு கணக்கை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மாடிக்குடியிருப்பின் முகாமையாளரிடம் எடுத்துக்காட்டுங்கள்; கசிவைத் திருத்தும் வேலை அன்றே தொடங்கிவிடும்.

அடுத்தது, ஓட்டம் என்பது குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பை வேகத்தால் பெருக்குவது. 100 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயில் நீர் வினாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடினால், பரப்பு ஏறக்குறைய 0.00785 சதுர மீற்றர் என்பதால் வினாடிக்கு 7.85 லீற்றர் வரும். அதாவது மணிக்கு 28 கன மீற்றர் அளவில். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் அதே வேகத்தில் நான்கு மடங்கு நீர் போகும். இதை எழுதிப் பார்த்தவருக்கு, சிறிய குழாய் போட்டுவிட்டுப் பெரிய பம்பி வாங்குவது ஏன் பணத்தை வீணாக்கும் வழி என்று யாரும் விளக்க வேண்டியிராது.

அமுக்கத்தைப் பொறுத்தவரை ஒரேயொரு எண்ணை நினைவில் வைத்தால் போதும்: 10 மீற்றர் உயர நீர்நிரல் ஏறக்குறைய ஒரு பார் அமுக்கத்தைத் தரும். கூரைத் தாங்கி குழாய் முனைக்கு மேல் 12 மீற்றர் உயரத்தில் இருந்தால், நீர் ஓடாமல் நிற்கும்போது அங்கே 1.2 பார் அளவு கிடைக்கும். ஓடத் தொடங்கியதும் உராய்வினால் அது குறையும். மேல்மாடிக்கு நீர் ஏன் ஏறவில்லை என்ற முறைப்பாட்டில் பாதியை இந்தக் கணக்கே தீர்த்து வைக்கும்.

இரசாயனம் இடும் கணக்கு மிக முக்கியமானது. இதில் ஒரு பூச்சியம் இடம் மாறினாலும் மக்கள் உடல்நலத்தைப் பாதிக்கும். நாளொன்றுக்கு வரும் கன மீற்றரை, இட வேண்டிய அளவால் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் கிலோகிராம் கிடைக்கும். நாளுக்கு 5,000 கன மீற்றர் நீருக்கு லீற்றருக்கு 2 மில்லிகிராம் குளோரீன் தேவையென்றால் 10 கிலோகிராம் வேண்டும். இதே கணக்கை நாள்தோறும் வெவ்வேறு எண்களை வைத்துச் செய்து பாருங்கள். கணிப்பான் இல்லாமலே விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று ஊகிக்கும் திறன் வரும் வரை விடாதீர்கள். கணிப்பானில் எண்ணைத் தவறாகத் தட்டும்போது காப்பாற்றுவது அந்த ஊகம்தான்.

கலங்கிய நீரைத் தெளியவைத்தல்

ஆற்று நீரில் மிதக்கும் களித் துணிக்கைகள் மிக நுண்ணியவை. அவற்றின் மேற்பரப்பில் ஒரே வகையான மறை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, நாள்கணக்கில் வைத்தாலும் அடையாமல் நிற்கும். படிகாரம் எனப்படும் அலுமினியம் சல்பேற்று இடும்போது அந்த மின்னேற்றம் நடுநிலையாகி, துணிக்கைகள் ஒட்டித் திரள்கின்றன. திரண்டவை அடையும் தொட்டியில் கீழிறங்குகின்றன. எஞ்சியவற்றை மணல் வடி பிடித்துக்கொள்கிறது. புத்தகத்தில் நான்கு வரியில் முடிந்துவிடும் இந்த வேலைக்கு, நிலையத்தில் ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுக்க வேண்டும். ஏனெனில் நேற்றைய நீருக்கு இட்ட அளவு இன்றைய நீருக்குப் பொருந்தாது.

எவ்வளவு படிகாரம் என்பதைக் கண்டறிய ஜார் சோதனை செய்வார்கள். இதைப் பயிலுநர் ஒருவர் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். ஒவ்வொன்றும் ஒரு லீற்றர் கொள்ளும் ஆறு கண்ணாடிப் பாத்திரங்களில் ஒரே கலங்கல் நீரை நிரப்புங்கள். 10 கிராம் படிகாரத்தை ஒரு லீற்றர் தூய நீரில் கரைத்தால் ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். அதில் ஒரு மில்லிலீற்றரை ஒரு லீற்றர் நீரில் இட்டால் லீற்றருக்கு 10 மில்லிகிராம் என்ற அளவாகும். முதற் பாத்திரத்துக்கு எதுவும் இடாமல், மற்றவற்றுக்கு 1, 2, 3, 4, 5 மில்லிலீற்றர் என இடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பின்னர் 15 முதல் 20 நிமிடம் மிக மெதுவாகக் கலக்கி, அரை மணிநேரம் அசைக்காமல் வையுங்கள்.

மெதுவாகக் கலக்கும் நேரத்தில் கண்ணை எடுக்காதீர்கள். முதலில் நீர் பால்போல் மங்கும். பின்னர் ஊசிமுனை அளவில் புள்ளிகள் தோன்றும். சரியான அளவு இட்ட பாத்திரத்தில் அவை பஞ்சுத் துணுக்குகளாகப் பெருத்து, கலக்கியை நிறுத்திய சில நிமிடங்களிலேயே இறங்கத் தொடங்கும். குறைவாக இட்ட பாத்திரத்தில் புள்ளிகள் சிறியனவாகவே தங்கிவிடும். அளவுக்கு மிஞ்சி இட்ட பாத்திரம் சில வேளைகளில் மீண்டும் கலங்கி நிற்கும். கூடுதலாக இட்டால் கூடுதலாகத் தெளியும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்துபோகும். வேகமாகக் கலக்கிக்கொண்டே இருந்தால் உருவான திரள் உடைந்து மறுபடி ஒட்டாது என்பதையும் அதே மேசையிலேயே காணலாம். ஆய்வுகூடம் கிடைக்காதவர்கள் செம்மண் கரைத்த நீரையும், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரக் கல்லையும், ஒரே அளவான போத்தல்களையும் வைத்து வீட்டிலேயே செய்யலாம். அந்தக் கல் நிலையங்களில் பயன்படும் படிகாரத்திலிருந்து சற்று வேறானது என்றாலும் திரளும் விதம் ஒன்றே. அந்த நீரைக் குடிக்க மட்டும் வேண்டாம்.

படிகாரம் நீரின் காரத்தன்மையை உண்டுவிடும் என்பதையும் இத்தோடு கற்க வேண்டும். களனி போன்ற ஈரவலய ஆற்று நீர் மென்மையானது; காரத்தன்மை குறைவானது. ஆகவே மழைக்காலத்தில் படிகாரத்தைக் கூட்டும்போது நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். பெறுமானம் கீழிறங்கி, திரளும் கெடும், குழாயும் அரிக்கும். சுண்ணாம்பு இட்டு அதைச் சரிசெய்கிறார்கள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும் என்ற இந்தப் பழக்கமே ஓர் இயக்குநரின் பெரிய தகைமை.

மணல் வடியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அமுக்க இழப்பு கூடும்போதோ வெளிவரும் நீரின் கலங்கற்றன்மை உயரும்போதோ, நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்திப் பின்னோக்கிக் கழுவ வேண்டும். கழுவி முடித்த உடனே வரும் முதல் நீரை நம்பக் கூடாது.

குளோரீன்: கடைசிக் காவல்

தெளிந்த நீர் தூய நீர் ஆகிவிடாது. கிருமியை அழிக்கும் வேலையைக் குளோரீன் செய்கிறது, அதுவும் மூன்று நிபந்தனைகளின் கீழ். முதலாவது, நீர் முன்கூட்டியே தெளிந்திருக்க வேண்டும். கலங்கலுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும். இரண்டாவது, பி.எச். பெறுமானம் உயரக் கூடாது, 7.5க்கு மேல் ஏற ஏறக் குளோரீனின் வீரியமுள்ள வடிவம் குறைந்துகொண்டே போகும். மூன்றாவது, நேரம் கொடுக்க வேண்டும். பி.எச். 8க்குக் கீழே இருக்கும் நீரில் குறைந்தது 30 நிமிடத் தொடுகைக்குப் பின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் சுயாதீன குளோரீன் (வேறெதனோடும் சேராத குளோரீன்) எஞ்சியிருக்க வேண்டும் என்றும், நுகர்வோரின் குழாய் முனையில் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது.

இந்த 0.2 என்ற எண்ணைப் பயிலுநர்கள் மனத்தில் ஆழப் பதிக்க வேண்டும். நிலையத்தில் நன்றாகக் குளோரீன் இட்டும் தெருக்கோடியில் அது பூச்சியமாகக் காட்டினால், இடையில் எங்கோ பழைய குழாயின் துரு அதைத் தின்கிறது, அல்லது நீர் நெடுநேரம் தேங்குகிறது, அல்லது வெடிப்பு வழியே அழுக்கு நீர் கலக்கிறது. மாத்திரையொன்றைப் போட்டு நீர் எவ்வளவு இளஞ்சிவப்பாகிறது என்று பார்க்கும் டி.பி.டி. சோதனை சில நிமிட வேலைதான். ஆனால் மூலத்திலிருந்து முனை வரை எல்லோரும் செய்த வேலையின் தீர்ப்பு அந்த நிறத்தில் தெரியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாக இதைச் செய்வதற்கும் காரணம் அதுவே.

சிறிய திட்டங்களிலும் வீடுகளிலும் வெளிற்றும் தூளைத்தான் பயன்படுத்துகிறோம். புதிய தூளில் கிடைக்கும் குளோரீன் 30 சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் விரைவில் வீரியமிழக்கும். புதிதாகக் கட்டிய அல்லது கழுவிய 1,000 லீற்றர் தாங்கியைக் கிருமிநீக்கம் செய்ய லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எடுத்தால் 50 கிராம் குளோரீன் வேண்டும். 30 சதவீதத் தூளில் அது ஏறக்குறைய 167 கிராம். தூளை வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் தாங்கிக்குள் ஊற்றி, சில மணிநேரம் வைத்து, பின்னர் முழுவதையும் வெளியேற்றி அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். கழிவறை கழுவும் அமிலத்தோடு இந்தத் தூளை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. எழும் வாயு நுரையீரலைக் கெடுக்கும். பெரிய நிலையங்களில் உருளைகளில் வரும் குளோரீன் வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரமானது. கசிந்தால் தரையோடு படரும். ஆகவே தப்பியோடும்போது காற்றுக்கு எதிர்த்திசையில், மேடான இடத்தை நோக்கி ஓட வேண்டும். இதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லாத நிறுவனத்தின் மீது எனக்கு நம்பிக்கை வராது.

குடிநீரின் தரத்தைப் பற்றிப் பேசும்போது எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைத் தரக் கட்டளையை அடிப்படையாகக் கொள்ளுங்கள். பி.எச். 6.5 முதல் 8.5 வரை, கலங்கற்றன்மை அதற்குரிய அலகில் 2 என்.டி.யூ., லீற்றருக்குப் புளோரைட்டு 1.0 மில்லிகிராம், நைத்திரேற்று 50 மில்லிகிராம், மொத்தக் கடினத்தன்மை 250 மில்லிகிராம் என்பன அதன் மேல் எல்லைகளுள் சில; 100 மில்லிலீற்றர் மாதிரியில், மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி பற்றீரியா இருக்கவே கூடாது. மாதிரி எடுப்பதும் ஒரு கலை. பற்றீரியாச் சோதனைக்கான போத்தல் கிருமிநீக்கம் செய்யப்பட்டதாகவும், குளோரீனைச் செயலிழக்கச் செய்யும் தயோசல்பேற்று இடப்பட்டதாகவும் இருக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும்.

தெருவுக்கு அடியில்

கொழும்பு மாநகரின் குழாய்களுள் சில நூறாண்டைத் தாண்டியவை. ஒரு காலத்தில் நகருக்கு வழங்கப்பட்ட நீரில் ஏறக்குறைய பாதி, கட்டணக் கணக்கில் வராமலே போனது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு பழைய வார்ப்பிரும்புக் குழாய்களை மாற்றும் பெருந்திட்டம் அதற்காகவே வந்தது. இப்படிக் கணக்கில் வராமற் போகும் நீரை வருமானம் தராத நீர் என்று அழைக்கிறார்கள். அதில் நிலத்துக்குள் கசிவது ஒரு பகுதி. பழுதான மீட்டர், திருட்டு இணைப்பு, பிழையான வாசிப்பு ஆகியவை மறுபகுதி. இரண்டையும் பிரித்தறிய, ஒரு வட்டாரத்தைத் தனியே வால்வுகளால் பிரித்து, ஊர் உறங்கும் அதிகாலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் உள்ளே போகும் நீரை அளப்பார்கள். அந்த நேரத்தில் பயன்பாடு மிகக் குறைவு என்பதால் ஓடுவதில் பெரும்பங்கு கசிவே. இதே சோதனையைச் சிறிய அளவில் உங்கள் வீட்டில் செய்யலாம்: எல்லாக் குழாய்களையும் மூடி, தாங்கி நிரம்பிய பின் மீட்டரின் சிறு சக்கரத்தைப் பாருங்கள். அது சுழன்றால் கசிவு உண்டு.

பிரதான குழாயிலிருந்து நேரடியாகப் பம்பி வைத்து உறிஞ்சும் வழக்கத்தைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அயலவருக்கு நீர் கிடைக்காமற் போவது அதன் சிறிய தீமை. குழாய்க்குள் அமுக்கம் வெளி அமுக்கத்தைவிடக் குறைந்தால், வெடிப்புகள் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். அதுவே பெரிய தீமை. கட்டடங்களில் குழாய் பொருத்தும் வேலை கற்பவர்கள், கீழ்த்தாங்கியில் நீரைச் சேர்த்து அங்கிருந்து மேலேற்றும் முறையை மட்டுமே அமைக்க வேண்டும். வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் மற்றதற்கு இணங்கக் கூடாது.

கழிவுநீர்: ஆளில்லாத் துறை

வேலைவாய்ப்பு என்று பார்த்தால், குடிநீரைவிடக் கழிவுநீர்ப் பக்கமே இப்போது இடம் அதிகம் என்பது என் கணிப்பு. பிரித்தானியர் காலத்தில் அமைந்த மாநகரின் கழிவுநீர்க் குழாய்கள் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் வெளியேறுகின்றன. அந்தக் குழாய்கள் எட்டாத இடங்களிலுள்ள ஹோட்டல்களும் தொழிற்சாலைகளும் பல மாடிக்குடியிருப்புகளும் தமக்கென்று சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் ஐந்து நாள் உயிரியல் ஒட்சிசன் கேள்வி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சட்டத்தின் எல்லை. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் அதைப் பொறுத்தது. இயந்திரத்தைப் பொருத்திவிட்டுப் போகும் நிறுவனங்கள் பல. அதை நாளாந்தம் விளங்கி இயக்கத் தெரிந்தவர்கள் சிலரே.

அங்கே உண்மையில் வேலை செய்வது நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் காற்று வேண்டும்; கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருந்தால் நலம். அவற்றின் உடல்நலத்தை அறியும் எளிய சோதனைக்கு ஒரு லீற்றர் அளவுச்சாடி போதும். காற்றூட்டும் தொட்டியிலிருந்து எடுத்த கலவையை அதில் நிரப்பி அரை மணிநேரம் வையுங்கள். நலமான சேறு சொக்கலேற் நிறத்தில், மண் வாசனையோடு, விளிம்பு தெளிவாகத் தெரியும்படி இறங்கும். மேலே நிற்கும் நீரின் ஊடாக மறுபக்கத்து எழுத்தை வாசிக்கலாம். கறுத்து நாறினால் காற்றுப் போதவில்லை. இறங்காமல் மேகம்போல் பரந்து நின்றால் இழைநுண்ணுயிர்கள் பெருகிவிட்டன என்று ஐயுறலாம். இறங்கியது 250 மில்லிலீற்றரில் நின்று, கலவையில் லீற்றருக்கு 2.5 கிராம் திண்மம் இருந்தால், முன்னதைப் பின்னதால் வகுத்து, சேறு எவ்வளவு நன்றாக இறங்குகிறது என்பதைக் காட்டும் சேற்றுக் கனவளவுச் சுட்டி 100 என்று கிடைக்கும். 150க்குக் கீழ் இருக்கும் வரை பொதுவாகக் கவலையில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில் இதைச் செய்து எழுதி வைப்பவருக்கு, நிலையம் கெடப்போவது நாள்கள் முன்னதாகவே தெரிந்துவிடும்.

இந்தத் துறையில் உயிர் போகும் இடம் மேன்ஹோல். மூடிய குழிகளில் ஐதரசன் சல்பைட்டு தேங்கும். குறைந்த செறிவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவை நெருங்கும்போது மூக்கின் மணவுணர்வே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணுவது மரணத்துக்கு இறங்குவதாகும். வாயு அளக்கும் கருவியில் ஒட்சிசன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதையும் நச்சு வாயு இல்லை என்பதையும் உறுதிசெய்யாமல், காற்றோட்டம் கொடுக்காமல், இடுப்புவாரும் கயிறும் கட்டாமல், மேலே ஓர் ஆள் நிற்காமல் எவரும் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்கக் குதிப்பவரும் விழுவார். இரட்டை மரணங்கள் அப்படித்தான் நிகழ்கின்றன. கருவி தராமல் இறங்கச் சொல்லும் முதலாளியிடம் முடியாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. தமிழ்ப் பிள்ளைகள், குறிப்பாக மலையகத்திலிருந்து நாட்கூலிக்கு வரும் பிள்ளைகள், வேலை போய்விடும் என்று அஞ்சி இறங்குகிறார்கள். இதைப் பயிற்சி நிலையங்கள் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

மொழியும் குறிப்பேடும்

கொழும்பிலுள்ள நிலையங்களில் கட்டளைகள் பெரும்பாலும் சிங்களத்தில் வரும். பதிவேடுகள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கும். பாடத்தைத் தமிழில் விளங்கிக் கற்றுக்கொள்ளுங்கள். அதுதான் ஆழமாகப் பதியும். ஆனால் நிறுத்து, மூடு, வாயு கசிகிறது, மின்னைத் துண்டி, ஆள் உள்ளே இருக்கிறார் போன்ற பாதுகாப்புச் சொற்களை மூன்று மொழியிலும் வேலைக்குச் சேரும் முன்னரே பழகிவிடுங்கள். பதிவேட்டில் நேரம், அளவு, செய்த மாற்றம், செய்தவர் பெயர் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். அளக்காத எண்ணை எழுதாதீர்கள். நேற்றைய எண்ணைப் பார்த்து இன்றைக்கும் அதையே எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு, அது ஊரையே ஏமாற்றுவதாகும்.

சான்றிதழுக்கான வழிகள்

என்.வி.கியூ. என்று எல்லோரும் அழைக்கும் தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு: முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. நீர்க்குழாய் பொருத்துநருக்கான தகைமை இதற்குள் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகார சபை ஆகியவற்றின் நிலையங்களில் விசாரிக்கலாம். தனியார் நிறுவனத்தில் பணம் கட்டும் முன், அது நாரஹேன்பிட்டியில் உள்ள மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா, அந்தப் பாடநெறிக்குத் தனியே தராதர அங்கீகாரம் உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். நிறுவனம் பதிவு பெற்றிருந்தும் பாடநெறி அங்கீகாரம் பெறாமல் இருக்கலாம். தமிழ் மொழிமூல விரிவுரையாளர் இருக்கிறாரா, எத்தனை மணிநேரம் கைவேலை, எந்த நிலையத்துக்கு அழைத்துச் செல்வார்கள் என்பனவற்றையும் எழுத்தில் பெறுங்கள்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் கற்றவர்களுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகம், நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பொறியியல் கற்கைகள் உண்டு, என்.வி.கியூ. வழியாக மேலேறுவோருக்கு இரத்மலானையில் தொழில்நுட்பத் தொழிற்பயிற்சிக்கான பல்கலைக்கழகம் இருக்கிறது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் தலைமையகமும் அதே இரத்மலானையில்தான். 1975இல் தொடங்கிய அந்தச் சபையின் வேலைவாய்ப்பு அறிவித்தல்கள் மூன்று மொழிகளிலும் வருகின்றன, ஆட்சேர்ப்புத் தகைமைகளை அவற்றில் நேரடியாகவே வாசித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு; அதைப் பலர் அறியவில்லை. பாடசாலையை இடையில் விட்டவராயினும், ஆண்டுக்கணக்கில் குழாய் வேலை செய்தவர் முன் கற்றலை அங்கீகரிக்கும் முறையில் விண்ணப்பித்து, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டி, என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். அதற்குச் சான்றுகள் வேண்டும். ஆகவே இன்றிலிருந்தே ஒரு கோப்பைத் தொடங்குங்கள்: செய்த வேலைகளின் படங்கள், திகதி, குழாயின் அளவு, பரீட்சித்த அமுக்கம், வேலை கொடுத்தவரின் ஒப்பமிட்ட கடிதம், நீங்கள் நடத்திய ஜார் சோதனை, குளோரீன் அளவு ஆகியவற்றின் பதிவுகள். ஊரில் சமூக நீர்த்திட்டமொன்றைப் பராமரித்தவர்கள் அந்தச் சங்கத்தின் கடிதத்தையும் சேர்க்கலாம். படிவத்தை நிரப்பும்போது அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். எழுத்து வேறுபட்டால் சான்றிதழைத் திருத்த மீண்டும் அலைய நேரிடும்.